பூண்டுக்கு மட்டும் சூடு

எங்கள் மண்டித்தெருவில் ஒருவன் பேரம் பேசாமல் பொருள் வாங்கினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் வெளியூர்க்காரன். இல்லாவிட்டால் அவன் வீட்டில் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. சொர்ணவேலுக்கு இரண்டுமே பொருந்தியது.

அவன் பால்வண்ணம் அண்ணாச்சியின் மருமகன். தூத்துக்குடியில் ஏ.சி. மெக்கானிக். உலகமே குளிர்ந்துபோன பிறகு ஏ.சி. மெக்கானிக் என்றால் அது தொழில் இல்லை, பழைய ஞாபகம். பெண்டாட்டி ஆவுடை தலைப்பிரசவத்துக்காக மலையில் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். இவனும் பின்னாலேயே வந்து, மாமனார் வீட்டில் மூன்று வேளையும் மரியாதையாகச் சாப்பிட்டுக்கொண்டு, செய்ய வேலையில்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

என் இரும்புக்கடைக்கு வந்து கேட்டது: கரும்பலகைக்கு அடிக்கிற கருப்பு பெயின்ட், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி, சிலிகான் பசை, ப்ளைவுட் பலகை. நான் வழக்கம்போல, இறங்கி வர இடம்விட்டு ஒரு விலையைச் சொன்னேன். அவன் பேசாமல் பர்ஸை எடுத்தான்.

"மாப்ளே, கொஞ்சம் பொறுங்க. நான் சொன்ன வெலைக்கு ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லையே நீங்க."

"எதுக்கு மாமா திட்டணும்?"

"அதான் இங்க பழக்கம். திட்டாம வாங்கினா எனக்குச் சோறு எறங்காது. இதெல்லாம் எதுக்கு?"

"பூண்டு காயவைக்கிற தட்டு ஒண்ணு பழுதாக் கெடக்கு."

"தட்டுக்குக் கண்ணாடி எதுக்கு மாப்ளே? பூண்டு மூஞ்சி பாக்கவா?"

அவன் பெயின்ட் டப்பாவைப் பைக்குள் வைத்தான். எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதி விளங்கியபோது கடை வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர் வெயில் விவகாரத்தைச் சொல்ல வேண்டும்.

பூமி கொதிக்கிறது என்று வானத்தில் ஒரு பொடியைத் தூவினார்கள். போர்வை என்று அதற்குப் பெயர். வெயிலில் பாதியை அது மேலேயே தடுத்துக்கொண்டது. சமவெளியில் உள்ளவர்களுக்குக் கொண்டாட்டம். சித்திரை மாத மதியத்தில் செருப்பில்லாமல் நடக்கிறார்களாம். மலையில் இருக்கிற எங்களுக்கோ வருஷத்தில் பாதி உறைபனி. விறகு எரிக்கத் தடை. புகையைக் கண்டால் ட்ரோன் வந்து கூரைக்கு மேல் நின்றுகொண்டு கத்தும். கரண்ட் விருந்தாளி மாதிரி எப்போதாவது வரும், காபி குடித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடும்.

இதற்கு ஈடாகத்தான் வான்கண்ணாடி. போர்வைக்கும் மேலே, பெரிய பலூனில் தொங்கும் கண்ணாடி. அங்கே வெயில் கலப்படம் இல்லாமல் கிடைக்கும். அதைப் பிடித்து, சாயங்காலத்தில் ஒரு தெருவின் அளவுக்குக் கீழே இறக்கும். ஊருக்கே ஒன்றுதான். எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் என்பதை வான்கண்ணாடி வாரியம் முடிவு செய்யும். அதற்காக வீட்டுக்கு வீடு, சுவரில் பொட்டு மாதிரி ஒரு சின்னக் கருவியை மாட்டியிருந்தார்கள். எந்தத் தெருவின் வீடுகள் ரொம்பக் குளிர்ந்திருக்கின்றனவோ, அந்தத் தெருவுக்கு வெளிச்சம் அதிகம்.

நியாயமான ஏற்பாடு. நியாயமான ஏற்பாட்டைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும்.

மண்டித்தெரு வியாபாரிகள் சங்கம் கூடியது. தலைவர் பால்வண்ணம் அண்ணாச்சி, பொருளாளர் அடியேன். யாரும் வீட்டைச் சூடாக்கக்கூடாது, ஜன்னலைச் சாத்தக்கூடாது, பொட்டு மாட்டிய சுவருக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியை வைக்க வேண்டும் என்று முடிவானது. குரங்குக் குல்லாவும் மூன்று ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடுங்கினோம். பலன், ஊரிலேயே அதிக வெளிச்சம் எங்களுக்கு. அதை வைத்து உடம்பையா காயவைத்தோம்? பூண்டைக் காயவைத்தோம். ஈரம் போன மலைப்பூண்டுக்குச் சமவெளியில் இருந்த கிராக்கியை நான் சொல்லப்போவதில்லை, கண் பட்டுவிடும்.

கீழத்தெருவில் எங்கள் மூட்டைகளைத் தூக்குகிறவர்கள் இருந்தார்கள். அங்கே ஓர் அறையில் பத்துப் பேர் நெருக்கியடித்துப் படுப்பார்கள், அதனால் பொட்டு சூடு காட்டும். அந்த உடம்புச் சூட்டை வாரியம் வசதி என்று கணக்கில் எழுதிக்கொண்டது. அவர்களுக்கு வெளிச்சம் வந்த சுவடே தெரியாது.

இந்த நிலையில்தான் ஒருத்தன் என் கடையில் கருப்பு பெயின்டும் கண்ணாடியும் வாங்குகிறான்.

"பிள்ளை எப்படி இருக்கு மாப்ளே?" என்றேன்.

அவன் பையைக் கட்டுவதை நிறுத்தினான். "மாசம் நெறையாம பொறந்தது மாமா. ஒரு கையில அடங்குது. ஆவுடை நெஞ்சோட கட்டிக்கிட்டே கெடக்கா. அவ எந்திரிச்சா நான் கட்டிக்கிறேன். நர்ஸம்மா சொல்லிட்டுப் போச்சு, பிள்ளைக்குத் தானாச் சூடு உண்டாக்கத் தெரியாது, அறையில சூடு இருந்தே ஆகணும்னு. குளிர்ந்தா மொதல்ல பால் குடிக்கிறத நிறுத்துமாம். அப்புறம் மூச்ச."

"கீழ ஆஸ்பத்திரிக்கு?"

"ரோடு ரெண்டு எடத்துல சரிஞ்சு கெடக்கு. பனிக்காத்துல எறங்கி நடந்துதான் தாண்டணும். அந்த நடையே அதுக்குப் போதும்."

"அண்ணாச்சிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'இன்னும் ரெண்டு கம்பளி சுத்துங்க மாப்ளே, தலைவரா இருந்துக்கிட்டு நானே ஜன்னலச் சாத்தினா நல்லாவா இருக்கும்'னார். மரியாதையாத்தான் சொன்னார். சொல்லும்போதே இலையில இன்னொரு வடை வச்சார்."

கடையில் வேறு ஆள் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அப்ப இது?"

"வெயில்பெட்டி. ஏ.சி.யத் திருப்பிப் போட்ட மாதிரி. கலர் சோடா டின் இருக்குல்ல, அதுல மேலயும் கீழயும் ஓட்டை போட்டு ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டினா குழாய். குழாய்ங்கள வரிசையாப் பெட்டிக்குள்ள நிறுத்தி, கருப்படிச்சு, முன்னால கண்ணாடி போட்டுட்டா, உள்ள போன வெயில் வெளிய வராது. அறைத் தரையில கெடக்கிற குளிர்காத்தக் கீழ ஓட்டை வழியாப் பெட்டிக்குள்ள விடணும். டின்னுக்குள்ள சூடேறி அதுவே மேல போகும், மேல் ஓட்டை வழியா அறைக்குத் திரும்பும். கரண்ட் வேண்டாம். புகை கெடையாது."

"இந்தப் பாதி வெயில்லயா?"

"பெட்டியப் பெருசாக் கட்டினாப் போச்சு. சாயங்காலம் கண்ணாடி வெளிச்சம் விழும்போது இன்னும் கொதிக்கும். காத்து வர்ற வழியில ஒரு டிரம் நெறையக் கூழாங்கல் போட்டு வச்சா, கல்லு சூட்டப் புடிச்சு வச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடும்." அவன் என் முகத்தையே பார்த்தான். "சங்கத்துல சொல்லிடுவீங்களா மாமா?"

நான் என்ன செய்வேன்? வியாபாரி செய்கிறதைச் செய்தேன், விற்றேன். போகிற போக்கில், காயலான் சரக்காக வாங்கி மூட்டை கட்டி வைத்திருந்த டின்களையும் காட்டிக்கொடுத்தேன்.

அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில் தெற்குப் பார்த்த சுவர் ஒன்று உண்டு. பூண்டுத் தட்டுகளை அதில்தான் சாய்த்து வைப்பார்கள். தட்டோடு தட்டாக, ஆவுடையின் அறைக்கு வெளியே சொர்ணவேல் பெட்டியைக் கட்டினான். அண்ணாச்சி மண்டியில் இருக்கும் நேரத்தில் மட்டும் வேலை. அதிலும், ஏலக் கூச்சல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும்தான் சுத்தியல் விழும். விலை ஏறினால் ஆணி இறங்கும். ஏலம் ஓய்ந்தால் கை அந்தரத்தில் நிற்கும். பெட்டியின் முதுகுக்குக் குளிர் ஏறாமல் பூண்டுத் தொலியைச் சாக்கில் திணித்து அடைத்தான். அது எங்கள் தெருவில் காசில்லாமல் கிடைக்கும் ஒரே பொருள்.

ஒருநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். ஆவுடை கட்டிலில் இல்லை. மேல் ஓட்டைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, பிள்ளையை நெஞ்சில் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். தலையில் குல்லா இல்லை. அந்தப் பெண்ணின் தலைமுடியைப் பார்த்தே எத்தனை காலமாயிற்று.

"சித்தப்பா, சத்தம் போடாதீங்க. குடிக்கிறா" என்றாள்.

காதைத் தீட்டினேன். பூனைக்குட்டி தண்ணீரை நக்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்காகத்தான் அத்தனை டின்.

பொட்டு கூடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்தது. அறைக்கதவின் இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்திருந்தான். ஆனால் சூட்டுக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. கசிந்தது.

கசிந்தது தெருவில் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வழக்கம்போல் வெளிச்சம் விழுந்தது, பூண்டுத் தட்டுகளைப் பரப்பினோம். பாதி காய்வதற்குள் வெளிச்சம் மெதுவாக நகர்ந்து, கீழத்தெருக் கூரைகள் மேல் போய் உட்கார்ந்தது. அங்கே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பேரம் படியாதபோதுகூட எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

"எவனோ வீட்டச் சூடாக்கியிருக்கான்" என்றார் சண்முகக்கனி. சங்கத்துச் செயலாளர், பத்து வருஷமாகத் தலைவர் நாற்காலியைத் தூரத்திலிருந்து தூசி தட்டிக்கொண்டிருப்பவர். "கண்டுபிடிச்சு மண்டியில எடை போட விடக்கூடாது. யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலும் சரி" என்று பால்வண்ணம் அண்ணாச்சியும் சொன்னார்.

மறுநாள் வீடு வீடாகப் போனோம், அண்ணாச்சி, சண்முகக்கனி, நான். அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் உள்ளங்கையை வைப்பார். பூண்டை அமுக்கி ஈரம் சொல்கிற கை அது, தப்பாது. ஒவ்வொரு சுவராக, 'இல்லை' என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தக் குளிரிலும் முதுகில் வியர்த்தது.

"கடைசியா என் வீட்டையும் பாத்துருவோம். நாளைக்கு யாரும் பேசிடக்கூடாது" என்றார்.

கூடத்துச் சுவரில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு எதுவும் சொல்லாமல் மகளின் அறை வாசலில் போய் நின்றார். பிரசவித்த அறைக்குள் அப்பாவாக இருந்தாலும் ஆண்பிள்ளை சட்டென்று நுழைய மாட்டார்.

"மாப்ளே, உள்ள வரலாமா?"

கதவு திறந்தது. அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாகப் பனித்துப்போனது. அதைவிடச் சாட்சி வேண்டுமா? பின்னால் நின்ற சண்முகக்கனி மெல்ல இருமினார். அந்த இருமலில் ஒரு தலைவர் பதவி இருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேத்தியைப் பார்த்தார். மேல் ஓட்டைக்கு முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். சொர்ணவேல் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். இந்த மனிதர் அழப்போகிறாரா, பெட்டியை எட்டி உதைக்கப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"மாப்ளே, இது பூண்டுக்கு ஆகுமா?" என்றார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. சண்முகக்கனிக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் முகத்தில் இருமல் போய்ச் சிரிப்பு வந்தது.

"சரக்கு அடுக்குற கிட்டங்கியில பொட்டு கெடையாது லிங்கதுரை" என்று என்னிடம் விளக்கினார் அண்ணாச்சி. "வாரியம் வீட்டத்தான் அளக்குது, சரக்கு இருக்கிற எடத்த அளக்கல. பெட்டிய எல்லாரும் கிட்டங்கியில மாட்டுவோம். வீடு குளிராவே இருக்கும், வெளிச்சம் நமக்கே வரும், அந்த வெளிச்சத்துல பெட்டி இன்னும் கொதிக்கும். பூண்டு ரெட்டை வேகத்துல காயும்."

"பிள்ளைக்கு?" என்றான் சொர்ணவேல்.

"வீட்டுல சூடு ஆகாது மாப்ளே. தெருவே என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குது. ஒரு வாரம் பொறுங்க. இந்தத் தடவை பூண்டு காஞ்சு முடியட்டும், பெட்டிய நானே திருப்பி மாட்டித் தர்றேன்."

"ஒரு வாரம் அவளால பொறுக்க முடியாது."

"அஞ்சு நாள்."

மனுஷர் கெட்டவர் இல்லை. எதையும் பேசிக் குறைக்கலாம் என்று பழகிப்போனவர். சொர்ணவேல் ஒன்றும் சொல்லவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் தெருவின் இன்னொரு பழக்கம். ஆட்கள் வந்து பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்தார்கள். ஓட்டைகளில் சாக்கை அடைத்தார்கள். கூழாங்கல் டிரம்மைக்கூட விடவில்லை, எல்லாமே தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த அண்ணாச்சியின் கிட்டங்கிச் சுவருக்குப் போனது.

அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது.

ஆவுடை முலையைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அது வாயைத் திறக்கவில்லை. உதட்டு நிறம் மாறியது. கால் தொய்ந்தது. நான் போனபோது சொர்ணவேல் சட்டையைக் கிழிப்பது மாதிரிக் கழற்றி, பிள்ளையைத் தன் வெற்று மார்பில் வைத்து, மேலே கம்பளியை இழுத்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் எழுந்தான், அவள் எழுந்தாள். முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க, தெருவைக் கடந்து பூண்டுக் கிட்டங்கிக்குள் போனார்கள். பெட்டியின் சூட்டுக்காற்று வருகிற இடத்தில் மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, சாக்கின் மேல் படுத்தார்கள்.

அந்தக் காத்திருப்பு என் எதிரிக்கும் வேண்டாம். வாசலில் தெருவில் பாதிப் பேர் நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பூண்டு காய்கிற சலசலப்பு மட்டும். பிறகு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் வந்தது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அண்ணாச்சி கடைசியாக வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பூண்டு வாடை பிள்ளைக்கு ஆகுமா?" என்றார்.

"குளிருக்கு இது தேவலப்பா" என்றாள் ஆவுடை.

அவர் போய் ஒரு மெத்தையை அனுப்பினார். கிட்டங்கியில் குடியிருக்கக்கூடாது என்று சங்க விதி எதுவும் இல்லை என்பதை மறுநாள் அவரே சண்முகக்கனிக்கு நினைவூட்டினார். இப்படியாகக் கிட்டங்கிதோறும் ஒரு பெட்டி முளைத்து, எங்கள் தெருவில் சரக்குக்குச் சூடு, மனிதர்களுக்குக் குளிர் என்று ஆயிற்று. சரக்காக இருக்கச் சம்மதித்தவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான்.

பிள்ளைக்குக் கன்னம் என்று ஒன்று தெரிய ஆரம்பித்த சமயத்தில்தான் வாரியத்திலிருந்து ஆள் வந்தது. நறுமுகை என்று ஒரு சின்ன வயது அதிகாரி. சரிவைக் கோல் ஊன்றி நடந்தே தாண்டி வந்திருந்தாள், கூடச் சுமை தூக்க இரண்டு ஆட்கள். நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள்.

"இந்த வீட்டுல ஒரு பச்சப்பிள்ளை இருக்கிறதா நர்ஸ் பதிவு பண்ணியிருக்காங்க. மலையிலயே குளிர்ந்த வீடு இதுதான். இந்தக் குளிர்ல பிள்ளைய வச்சிருக்கக்கூடாது. தாயையும் பிள்ளையையும் கீழ சமவெளியில வாரியம் நடத்துற முகாமுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி உத்தரவு."

"பிள்ளை இங்க இல்லையேம்மா. அப்பன் ஊருக்குப் போயாச்சு" என்றார் அண்ணாச்சி, கண் இமைக்காமல்.

"ரோடு சரிஞ்சதுக்கு அப்புறம் பொறந்த பிள்ளை எந்த வழியாங்கய்யா போச்சு?"

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் கிட்டங்கியிலிருந்து அழுகை வந்தது. பாழாய்ப்போன பிள்ளைக்கு இப்போது நல்ல குரல்.

"பூனை" என்றார் சண்முகக்கனி.

"அப்ப அந்தப் பூனையையும் பாத்துடலாம்" என்று அவள் நடந்தாள்.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் அவள் கழுத்து மஃப்ளரைத் தளர்த்தினாள். சுவரோரம் காற்று வருகிற ஓட்டைகளைப் பார்த்தாள். மலையாகக் குவிந்த பூண்டைப் பார்த்தாள். மெத்தையில் இருந்த ஆவுடையையும் பிள்ளையையும் பார்த்தாள்.

"வீடு அந்தக் குளிர்ல. பூண்டு இந்தச் சூட்டுல" என்றாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"இது குடியிருப்பு இல்ல. வாரியத்தப் பொறுத்தவரைக்கும் இவங்க இருக்கிறது அந்த வீட்டுல. இப்பவே கிளம்பினாத்தான் வெளிச்சம் இருக்கும்போதே சரிவத் தாண்டலாம். தயாராகுங்க."

"அந்தக் காத்துல பிள்ளை தாங்காதும்மா" என்றான் சொர்ணவேல்.

"நாலு நாள் குடுங்க தாயி" என்றார் அண்ணாச்சி.

"முடியாதுங்க."

"ரெண்டு நாள்."

"ஐயா, நான் விலை சொல்லல."

அண்ணாச்சி வாயடைத்து நின்றதை என் ஆயுளில் முதல்முறையாகப் பார்த்தேன்.

"வேற வழியே இல்லையா?" என்றாள் ஆவுடை.

நறுமுகை கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "இதையே குடியிருப்புன்னு பதியலாம். சூடு இருக்கு, பிள்ளைக்குப் போதும். ஆனா பதிஞ்சா இங்க பொட்டு மாட்டணும். மாட்டினா உங்க தெருக் கணக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இத்தன நாள் எப்படிக் குளிர்ந்துச்சுன்னு நானும் கேக்க வேண்டி வரும். மத்த கிட்டங்கியையும் தெறந்து பாக்கணும்."

தெரு முழுக்க அந்தச் சின்ன வாசலில் நின்றது. பாதிப் பூண்டு இன்னும் ஈரம். வெளிச்சம் போனால் அழுகல்தான். சண்முகக்கனி அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அனுப்பி வைங்க அண்ணாச்சி. முகாம்ல டாக்டர் இருப்பாங்க. நல்லாச் சுத்தி எடுத்துட்டுப் போனா ஒண்ணும் ஆகாது. தெருவே உங்கள நம்பி இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பூண்டைப் பார்த்தேன். பெரிய வீரன் மாதிரி இங்கே எழுத எனக்கும் ஆசைதான்.

"ஆவுடை, அந்தம்மா சொல்றது என்னன்னா..." என்று அவர் திரும்பினார்.

மெத்தையில் ஆளில்லை. பிள்ளையை நெஞ்சில் கட்டியபடி அவள் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது கையில் பொட்டு இருந்தது, பெயர்த்த சுண்ணாம்பு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, மெத்தைக்கு மேலே சுவரில் அதை வைத்துப் பிடித்தாள். மாட்ட ஒன்றும் இல்லை. கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை சிணுங்கியது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "லிங்கதுரை, ஆணி இருக்கா?"

இரும்புக்கடைக்காரன் சட்டைப்பையில் ஆணி இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன். அவர் தராசுப் பக்கத்தில் கிடந்த எடைக்கல்லை எடுத்து, தன் கையாலேயே அடித்தார்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் எங்கள் தெருவைத் தொடவே இல்லை. மற்ற கிட்டங்கிகளுக்கும் பொட்டு வந்தது. அபராதம் வந்தது. சண்முகக்கனி தலைவரானார். இழக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு எல்லோரும் பெட்டிகளை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் குல்லாவைக் கழற்றியபோது பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்தியவர்கள்கூட, சூடான அறையில் உட்கார்ந்துதான் அவரைத் திட்டினார்கள்.

பனி இளகி ரோடு திறந்தது. சொர்ணவேல் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினான். பஸ் என் கடைக்கு எதிரில்தான் நிற்கும். அவன் துணிப்பெட்டிகளை பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்க, ஆவுடை சொல்லிக்கொண்டு போக என் கடைக்கு வந்திருந்தாள். பிள்ளை தோளில் கனமாகத் தூங்கியது.

அப்போது கீழத்தெருத் தவமணி வந்தார். எங்கள் மண்டியில் வெகுகாலமாக மூட்டை தூக்குகிறவர். தார்ப்பாய் வேண்டும் என்றார், நீளமாக.

"கூரை ஒழுகுதா தவமணி?"

"இல்ல மொதலாளி. வராந்தாவச் சுத்திக் கட்ட. நாங்கல்லாம் இப்ப வெளியதான் படுக்கிறோம்."

"வெளியவா? வெளிச்சம்தான் இப்ப உங்க தெருவுக்கு வருதே."

"அது நிக்கணும்ல." அவர் தார்ப்பாயை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "உள்ள ஆளுக படுத்தா பொட்டு ஏறிடுது. சண்முகக்கனி மொதலாளி பூண்டெல்லாம் இப்ப எங்க வாசல்லதான் காயுது, எடத்துக்கு வாடகை தர்றார். வீடு குளிரா இருக்கிற வரைக்கும்தான் வெளிச்சம், வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் வாடகைன்னு சொல்லிட்டார். பாக்கப்போனா நல்ல ஏற்பாடுதான்."

நான் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹாரன் அடித்தது. சொர்ணவேல் ஜன்னலோரம் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வா என்று கையசைத்தான்.

ஆவுடை அங்கே பார்க்கவில்லை.

"அண்ணே, உங்க வீட்டுல யாரும் முழுகாம இருக்காங்களா?" என்று தவமணியிடம் கேட்டாள்.

"மருமக இருக்கா. ஏழாம் மாசம். ஏன் தாயி?"

மறுபடியும் ஹாரன். ஆவுடை என் கடை மூலையில் மிச்சம் கிடந்த டின் மூட்டையை ஒருதரம் பார்த்தாள். அவள் கடை வாசலுக்குப் போய், பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

"சாமானெல்லாம் எறக்குங்க. இந்த பஸ் போகட்டும்."